குப்புசாமி போட்ட கல்

மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்தில் காலையில் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்ததும் முதலில் பதறுகிறவர் மேஸ்திரி குப்புசாமிதான். பள்ளிக்கூடம் போகிறவர் அவர் இல்லை. அவர் மகன் சுரேந்தர், ஒன்பதாம் வகுப்பு. அப்பாவைவிடக் கொஞ்சம் உயரமாகவே வளர்ந்துவிட்டான். மேலுதட்டில் மீசை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. அந்த மீசைக்காரத் துரை மாடிப்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருக்க, அப்பா தரையில் குத்துக்காலிட்டு அவனுக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி பாட்டில் மூடியை லூசு பண்ணி வெச்சிருக்கறன் கண்ணு. பையைச் சாய்ச்சுப்போடாதே," என்றாள் அம்மா ராணி. டிபன் டப்பாவில் சாம்பார் சாதம் பிசைந்த பதத்தில் இருந்தது, கரண்டியால் அள்ளினால் போதும். முட்டை உரித்திருந்தது. ஆரஞ்சுப் பழம் சுளை சுளையாகப் பிரிக்கப்பட்டு, கொட்டைகூட எடுக்கப்பட்டிருந்தது. வாய்க்குள் போய் மெல்லுகிற வேலையை மட்டும் மகனுக்கு மிச்சம் வைத்திருந்தாள்.

எதிர்வீட்டு ராமக்காள் வாசல் கூட்டிக்கொண்டே இதைத் தினமும் பார்ப்பவள். "ஏனப்பா குப்புசாமி, இவனுக்குக் கல்யாணமானாலும் நீதான் வந்து கட்டிவிடுவியா?" என்று கேட்டாள்.

"கட்டிவிட்டாப் போச்சு," என்று சிரித்தார் குப்புசாமி. "என்ற பையன் கையி பேனா புடிக்கற கையி அக்கா. வேற எதையும் புடிக்கக் கூடாது."

அது அவர் விளையாட்டாகச் சொன்னது இல்லை. ஹனூர்ப் பக்கம் கௌதள்ளியிலிருந்து மீசை முளைக்காத வயதில் மைசூருக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவர் குப்புசாமி. சிமென்ட் அரித்து அரித்து அவர் விரல்களில் ரேகை என்று ஒன்று கிடையாது. ரேஷன் கடையில் மெஷின் மேல் விரல் வைத்தால் அது அவரை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்க, அவர் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார். அப்படி ஒரு நாள் நின்றபோதுதான் தீர்மானம் பண்ணினார், மகன் கையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று.

தீர்மானத்தை அவர் மீறவே இல்லை. சுரேந்தர் சின்னப் பையனாக இருந்தபோது வேலை நடக்கும் இடத்தில் ஆசையாகச் சிமென்ட் பூசும் கரணையைத் தூக்கினான். குப்புசாமி அந்தக் கையிலேயே ஓங்கி ஒன்று வைத்தார். மகனை அவர் அடித்தது அந்த ஒரு முறைதான். சைக்கிள் கேட்டான், விழுந்து கை ஒடிந்தால் எழுதுவது எப்படி என்று மறுத்துவிட்டார். கோலிக்குண்டு, பம்பரம், காய் நறுக்கும் கத்தி, துவைக்கிற துணி எல்லாவற்றுக்கும் தடை. தசராவுக்கு ஊரே மின்விளக்கில் மினுங்குகிற நாட்களில், ஆயுத பூஜைக்குக் கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கழுவி அடுக்கி வைப்பார். அவற்றுக்குக் குங்குமப் பொட்டு வைக்கக்கூட மகனை விடமாட்டார். தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது தட்டிக் கேட்டிருப்பார்கள். பாசம் என்று பேர் வைத்துவிட்டால் நம் ஊரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

தசரா விடுமுறை முடிந்து, அரையாண்டுப் பரீட்சைத் தாள்களும் திருத்தியான பிறகு, பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டுமாம். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம், வாசலில் 'எஸ்.எஸ்.எல்.சி.யில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிற இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் என்று சொன்னால் போதும். தலைமை ஆசிரியை ஸ்ரீதேவி பூர்வீகம் தமிழ்தான். ஆனால் எதிரில் உட்காருகிறவரின் சட்டையைப் பார்த்து எந்த மொழியில் பேசுவது என்று முடிவு பண்ணுவார். குப்புசாமிக்குத் தமிழ் கிடைத்தது.

"இது உங்க பையன் சோஷியல் பேப்பர். நோடி, பாருங்க, இதுவரைக்கும் எழுதியிருக்கான். இதுக்கப்புறம் எல்லாம் காலி." விடைத்தாளை அவர்கள் பக்கம் தள்ளினார். "எல்லா சப்ஜெக்ட்டும் இப்படித்தான். ஹேண்ட்ரைட்டிங் பாருங்க, கோழி கிண்டின மாதிரி. அவ்ளோ சோம்பேறி. அடுத்த வருஷம் போர்டு எக்ஸாம். ஒரு பையனால எங்க நூறு பர்சன்ட் ரிசல்ட் போச்சுன்னா யார் பதில் சொல்றது? இந்த வருஷம் முடிஞ்சதும் டி.சி. வாங்கிக்குங்க. வேற எங்கயாவது சேத்துடுங்க."

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க. நானு கண்டிச்சு வெக்கறன். ஒரே பையனுங்க," என்று குப்புசாமி எழுந்து நின்று கை கூப்பினார்.

"கண்டிச்சா கை வேகமா ஓடுமா? பாக்கலாம்." மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

பாருங்கள், நூற்றுக்கு நூறு என்பது எப்படி வருகிறது என்று. தோற்கப் போகிறவனை முன்னாலேயே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிறவர்களை எண்ணினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்? இதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? காய்கறிக் கடையில் கூடைக்காரம்மா சொத்தையைப் பொறுக்கிப் போட்டு நல்லதை மேலே அடுக்குகிறாளே, அவளுக்கும் ஒரு பலகை வைத்துக் கொடுக்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் குப்புசாமி இரண்டாம் முறையாக மகன் மேல் கை ஓங்கினார். ராணி நடுவில் வந்து விழுந்தாள்.

"ஏன்டா, எதுக்குடா எழுதல? உனக்கு என்னடா குறை வெச்சோம்?"

சுரேந்தர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "கை நோவுதுப்பா. எழுத எழுத இங்கிருந்து இங்க வரைக்கும் நோவுது. நாலாவது கேள்விக்கு வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடறாங்க. நனகெ எல்லா கொத்துப்பா, எனக்கு எல்லாமே தெரியும்."

"தெரியுமா? பொய் பேசாதே."

"கேளுங்க. எதுல வேணா கேளுங்க."

குப்புசாமிக்குக் கேள்வி படிக்கத் தெரியாது. ராணி கௌதள்ளிப் பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் ஏழாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி, காலியாக விட்ட கேள்விகளை வாசித்தாள். மகன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். ஆறு எங்கே பிறக்கிறது, மண் எத்தனை வகை, எந்தப் போர் எதனால் மூண்டது என்று மடை திறந்தாற்போல் வந்தது. நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. ராணி புத்தகத்தைப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டாள்.

"ஏனுங்க, எல்லாமே சரியாச் சொல்றானுங்க," என்றாள்.

"அதையே எழுது பாக்கலாம்," என்றார் குப்புசாமி.

எழுதினான். குப்புசாமி அன்றைக்குத்தான் மகன் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். வருடம் தவறாமல் பேனா வாங்கிக் கொடுத்தாரே தவிர, அந்தப் பேனா என்ன பாடுபடுகிறது என்று ஒரு நாளும் பார்த்தவர் இல்லை. பையன் பேனாவைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. விரல் அசையாமல் தோளிலிருந்து கை முழுக்க அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வரி முடிப்பதற்குள் நெற்றியில் வேர்வை துளிர்த்துவிட்டது. அந்தப் பிடி குப்புசாமிக்கு நன்றாகத் தெரிந்த பிடி. வேலைக்கு வருகிற முதல் நாள் புது ஆள் கரணையை அப்படித்தான் பிடிப்பான். பிடித்துப் பிடித்துப் பழகின பிறகுதான் கை தளரும். முதல் நாளிலேயே யாரும் அவனைச் சோம்பேறி என்று விரட்டுவதில்லை.

ஓங்கின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பையனுக்கு நரம்பில் ஏதோ கோளாறு என்று பயந்து, மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு எலும்பும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன என்றார். கை கால் அசைவுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்.

அங்கே பயிற்சி கொடுக்கும் பிரதிபா ரயில்வேக் குடும்பத்துப் பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஊசியோ மருந்தோ எடுக்கவில்லை. டென்னிஸ் பந்து ஒன்றை சுரேந்தர் பக்கம் மெதுவாகப் போட்டாள். அவன் கையைச் சேர்ப்பதற்குள் பந்து மார்பில் பட்டு விழுந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்ற வேகத்தில் சுவரைப் பிடித்தான். கத்தரிக்கோல் கொடுத்தாள், சட்டைப் பித்தானைக் கழற்றிப் போடச் சொன்னாள், பாட்டில் மூடியைத் திருகச் சொன்னாள். மூடியைத் திருகத் தெரியாமல் அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தபோது ராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"யார் இவன சோம்பேறின்னு சொன்னது?" என்று பிரதிபா கேட்டாள். "இவன் சோம்பேறியும் இல்ல, மக்கும் இல்ல. சில பசங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணு பாக்கறதும் கை செய்யறதும் ஒண்ணா சேர்றதுக்குக் கொஞ்சம் டைம் ஆகும். மத்தவனுக்குப் பத்து தடவ செஞ்சா வர்றது இவனுக்கு நூறு தடவ செஞ்சாத்தான் வரும். அதுல யார் தப்பும் இல்ல. ஆனா, நூறு தடவ செய்ய வேண்டிய பையனுக்கு நீங்க எல்லாரும் ஒரு தடவகூட சான்ஸ் குடுக்கலயே. தப்பு அதுதான்."

"வயசு பதினாலாச்சுங்களே. இனிமே வருமுங்களா?" என்று குப்புசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன் வராது? குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் கை கால் எல்லாம் கத்துக்கிட்டு முடிச்சிடுச்சுன்னு பெரியவங்க நெனச்சுக்கறாங்க. அப்படி இல்ல. இந்த வயசுலதான் கையும் காலும் கிடுகிடுன்னு நீளுது. இவனுக்கே இவன் கை புதுசு. ஓடணும், ஏறணும், குதிக்கணும், பந்து புடிக்கணும். வீட்ல மாவு பிசையட்டும், துணி பிழியட்டும், காய் நறுக்கட்டும். நான் வாராவாரம் பாக்கறேன். பரீட்சைல கூடுதல் டைம் கேக்கறதுக்கும் வழி இருக்கு, அதுக்கு வேண்டிய ரிப்போர்ட் டாக்டர்கிட்ட வாங்கித் தர்றேன்." பிரதிபா பையனிடம் திரும்பினாள். "ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல என்னப்பா விளையாடுவ?"

"பி.டி. இல்ல மேம். டைம்டேபிள்ல இருக்கு. ஆனா மேத்ஸ் எடுப்பாங்க."

"கிரௌண்ட்?"

"இருந்துச்சு மேம். அப்பாதான் கல்லு போட்டாரு."

பையன் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். பிரதிபா குப்புசாமியைப் பார்த்தாள். குப்புசாமி தரையைப் பார்த்தார்.

அவர்தான் போட்டார். சுரேந்தர் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு, மைதானம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அப்பா மேஸ்திரி என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கிரஷர் தூள் பரப்பி, மட்டப்பலகை இழுத்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, ஒரு கல்லும் ஆடாமல் ஊசி போகாத நெருக்கத்தில் பதித்தார். அப்போது கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓரத்தில் பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். "போங்க போங்க, கால் வெக்காதீங்க, மட்டம் கலைஞ்சிரும்," என்று அவர்தான் விரட்டினார். பி.டி. மாஸ்டர் தொட்டையன் பக்கத்தில் வந்து, எல்லாவற்றையும் மூடிவிடுவீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். ஓரத்தில் கொஞ்சம் மண் விட்டு வையுங்களேன் என்றும் கேட்டார். குப்புசாமிக்கு அது வேலை தெரியாதவன் பேச்சாகப் பட்டது. ஒரு சாண் மண்கூட விடாமல் மூடினார்.

இப்போது அங்கே வேன்களும் ஆசிரியர்களின் கார்களும் நிற்கின்றன. முகூர்த்த நாட்களில் பக்கத்துக் கல்யாண மண்டபத்து வண்டிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தொட்டையன் பந்தயத்துக்கு ஊதிய விசிலை இப்போது வேன்களை ரிவர்ஸ் எடுக்க ஊதிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீட்டில் ராணி ஒரு முழு ஆரஞ்சுப் பழத்தை மகன் முன்னால் வைத்தாள். உரிக்க அவள் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். சுரேந்தர் நகத்தால் கீறினான், பழம் வழுக்கி உருண்டது, பிடித்தான், சாறு கண்ணில் தெறித்தது. கடைசியில் பழம் பாதி நசுங்கித்தான் வந்தது. ஆனால் அதை அவன் தின்ற மாதிரி எந்தப் பழத்தையும் தின்று ராணி பார்த்ததில்லை. காலையில் லேஸைக் கட்டவும் அவனே குனிந்தான். வேன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. "அடிச்சா அடிக்கட்டும்!" என்று சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார் குப்புசாமி. அவருக்கு வேன்காரன் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளும் கூட வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குப்புசாமி வேலையிடத்திலிருந்து நேராக, சாமான் பையை மொபெட்டில் வைத்தபடியே வந்தார். மண்டபத்தில் ஸ்ரீதேவி மேடம் திரையில் பழைய ரிசல்ட்டுகளை வரிசையாகக் காட்டினார். நூறு, நூறு, நூறு. அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலமும் ஸ்பெஷல் கிளாஸ் என்று அறிவித்தார். பெற்றோர்கள் கை தட்டினார்கள். யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்.

கடைசி வரிசையிலிருந்து குப்புசாமி எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகத்தான் வந்தது.

"ஒண்ணு கேக்கோணுமுங்க மேடம். நூத்துக்கு நூறுன்னு போர்டு வெச்சிருக்கறீங்களே, அதுல வெளிய அனுப்புன புள்ளைங்க எத்தனை பேருன்னு ஏன் எழுதறது இல்லீங்க?"

மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"மிஸ்டர் குப்புசாமி, பர்சனல் மேட்டர் இங்க வேண்டாம். அப்புறமா ரூமுக்கு வாங்க."

"இது என்ற வீட்டு மேட்டர் மட்டும் இல்லீங்க. என்ற பையனைச் சோம்பேறின்னீங்க. அவனுக்குப் பாடமெல்லாம் தெரியும். கைதான் ஓடல. ஆஸ்பத்திரில கேட்டா, ஓடி ஆடி வெளையாடி, கைய பழக்குனா சரியாகும்ங்கறாங்க. வெளையாடற எடத்துல காரு நிக்குது. வெளையாடற பீரியட்ல கணக்கு நடக்குது. அப்புறம் எப்படீங்க ஓடும்?"

ஸ்ரீதேவி மேடம் சட்டென்று சிரித்தார். நல்ல ஆயுதம் கிடைத்துவிட்ட சிரிப்பு. "அந்தக் கல்லப் போட்டதே நீங்கதானே? ஹௌதோ இல்லவோ? ஆமாவா இல்லையா? அன்னிக்கு சந்தோஷமா போட்டீங்க. அன்னிக்கு ஏன் இந்தக் கேள்வி வரல?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராணி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், உட்காருங்க என்று. குப்புசாமி உட்காரவில்லை.

"வரலீங்க. நான்தான் போட்டேன். பந்து வெச்சுட்டு நின்ன புள்ளைங்கள வெரட்டுனதும் நான்தான். வீட்டுல என்ற பையனை ஒரு மூடி திருக விடலீங்க, ஒரு பழம் உரிக்க விடலீங்க. என்ற கையி மாதிரி ஆயிரக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வெச்சேன். அவன் கையில நான் போட்டது பூட்டுன்னு எனக்குத் தெரியல. எனக்குப் படிப்பு இல்லீங்க, தெரியல. நீங்க இத்தனை படிச்சிருக்கறீங்க. உங்களுக்குமாங்க தெரியல?"

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"புள்ளைங்கன்னா தலை மட்டும் இல்லீங்க," குப்புசாமியின் குரல் உடைந்து, உடைந்த பிறகு உரக்க வந்தது. "கையும் காலும் புள்ளைதான். தலைக்கு மட்டும் பாடம் சொல்லிக் குடுத்துட்டு, கையையும் காலையும் கட்டிப்போட்டுட்டு, அப்புறம் ஓடலைன்னு வெரட்டுனா அது என்னங்க நியாயம்? வீட்டுல கட்டிப்போட்டவன் நானு. இங்க கட்டிப்போட்டவங்க நீங்க. நாம ரெண்டு பேரும் சேந்து செஞ்ச குத்தத்துக்கு டி.சி. மட்டும் அவனுக்கா?"

பிறகு இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் அன்னபூர்ணி. அவள் மகள் ஏழாம் வகுப்பு. "மேடம், அவர் சொல்றது கரெக்ட்தான். என் பொண்ணு ரோட்ல ஒரு சின்னக் குழியத் தாண்டத் தெரியாம விழுந்து பல்ல உடைச்சிண்டா. அவளுக்கு விளையாட எங்க டைம், எல்லாம் டியூஷன்னு நானே பெருமையா சொல்லிண்டிருந்தேன். எனக்கு அந்த ஈவினிங் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம். கிரௌண்ட் வேணும்."

"இது மேனேஜ்மென்ட் டிசிஷன்," என்றார் ஸ்ரீதேவி மேடம். "கமிட்டில வெக்கணும், பேசணும், ப்ராசஸ் இருக்கு. சும்மா நெனச்சா கல்ல எடுத்துட முடியாது."

"முடியுமுங்க," என்றார் குப்புசாமி. "போட்டவனுக்குத் தெரியாதா?"

வெளியே வந்தார். மொபெட்டிலிருந்து சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய மூலைக்குப் போனார். அங்கே வண்டி நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓரத்தில் கடைசியாக எந்தக் கல்லை வெட்டிப் பொருத்தினார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் பின்னாலேயே வந்தது. பி.டி. மாஸ்டர் தொட்டையன், தடுக்க ஓடிவந்த வாட்ச்மேனின் குறுக்கே வந்து நின்று அவனோடு ஏதோ முக்கியமான விஷயம் பேச ஆரம்பித்தார்.

"போலீஸக் கூப்பிடுவேன்," என்று ஸ்ரீதேவி மேடம் படியில் நின்று சொன்னார்.

"கூப்பிடுங்க மேடம். கல்ல எடுத்தவன் யாருன்னு கேப்பாங்க, நானு. போட்டவன் யாருன்னு கேப்பாங்க, அதும் நானு. போடச் சொன்னது யாரு, புள்ளைங்க எடத்துல வண்டிக்கு வாடகை வாங்கறது யாருன்னும் கேப்பாங்க. சொல்லிப்போடலாம்."

மேடம் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். காதில் வைக்கவில்லை.

குப்புசாமி பையிலிருந்து நெம்புகம்பியை எடுத்தார். குனியப் போனவர் நிமிர்ந்து, கூட்டத்தில் அம்மாவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற மகனைப் பார்த்தார்.

"சுரேந்தர், வா சாமி. இதப் புடி."

சுரேந்தர் கம்பியைப் பார்த்தான், அப்பாவின் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் அடி வாங்கின கை தானாகவே பின்னால் போயிற்று. அதைக் கண்ட குப்புசாமி கம்பியைத் தாழ்த்தி நீட்டினார். "அடிக்க மாட்டேன்டா. வா," என்றார்.

வந்து வாங்கினான். கனம் தெரியாமல் கம்பி கை நழுவிக் கல்லில் மோதி ஓசையிட்டது. பையன்கள் சிலர் சிரித்தார்கள். "இறுக்காதே. கழுத்தை நெரிக்காம, லேசாப் புடி. எடுக்கறது கம்பியோட வேலை, உன்ற வேலை சாய்க்கறது மட்டுந்தான்," என்றார் அப்பா. மறுபடி எடுத்தான். கல்லின் ஓரத்தில் வைத்துச் சாய்த்தான்; வழுக்கியது. மறுபடி வைத்தான். உள்ளங்கை சிவந்தது. ராணி ஒரு அடி முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்துச் சாய்க்க, மூன்று வருடமாக இறுகிக் கிடந்த கல் கரகரவென்று அசைந்து, ஒரு பக்கம் தூக்கி, புரண்டு விழுந்தது. கிரஷர் தூளுக்கு அடியில் செம்மண் தெரிந்தது.

சுரேந்தர் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். தோல் உரிந்து லேசாக ரத்தம் கசிந்திருந்தது. எந்தக் கீறல் விழக்கூடாது என்று குப்புசாமி இத்தனை காலம் காத்தாரோ அந்தக் கீறல். அவர் அதைப் பார்த்தார். அழவும் இல்லை, பதறவும் இல்லை.

"ஒரு கல்ல எடுத்துட்டா என்ன ஆயிடும்?" என்றார் ஸ்ரீதேவி மேடம். குரலில் பழைய அதிகாரம் பாதிதான் இருந்தது.

குப்புசாமி இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, வேலை தெரிந்த மேஸ்திரியாகவே பதில் சொன்னார்.

"ஓரக் கல்லு வந்துருச்சுங்க மேடம். மத்ததெல்லாம் இனிக் கையோட வரும். அதுக்குக் கம்பிகூட வேண்டாமுங்க, புள்ளைங்க கையே போதும்."